கள்ளக்கடல்: மாடல் 1.5 மீட்டர் அலை என்கிறது, தண்ணீர் தெருவுக்கு வருகிறது. எங்கே பிசகு?

குளச்சல்_கரை (கேள்வி)

வணக்கம். கள்ளக்கடலை (காற்றே இல்லாத நாளில் கடல் ஏறி ஊருக்குள் வருவது) கணிக்க, முட்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரையுள்ள கரைக்கு ஸ்வான் மாடல் (கரையோர அலையைக் கணக்கிடும் கணினி நிரல்) ஓடுகிறது. அமைப்பு இதுதான்:

வெளிக் கட்டம் வடக்கு 3 டிகிரியிலிருந்து 12 டிகிரி வரை, 5 கிலோமீட்டர் இடைவெளி. அதற்குள் 200 மீட்டர் இடைவெளியில் கரையோரக் கட்டம். தெற்கு, மேற்கு எல்லைகளில் உலக அலை மாடல் ஒன்றிலிருந்து அலை உயரம், உச்ச அலைக்காலம் (ஆற்றல் மிகுந்த அலையில் முகட்டுக்கு முகடு எத்தனை விநாடி), திசை என மூன்று எண்கள் 3 மணிக்கு ஒருமுறை. ஆழத் தரவு ஜெப்கோ (உலகக் கடலடி ஆழத் தொகுப்பு). இரண்டு கட்டமும் ஸ்டேஷனரி முறையில் (ஒவ்வொரு வேளையையும் மாறாத நிலையாகக் கருதி) ஓடுகின்றன. மற்றதெல்லாம் மாடலில் இருக்கும் இயல்பு மதிப்புகள்.

ஆனி, ஆடியில் மாடல் 2.5 மீட்டர் என்று சொல்லும் நாளில் தண்ணீர் மணல் சரிவோடு நின்றுவிடுகிறது. சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாத நாளில் மாடல் 1.5 மீட்டர் என்கிறது. ஆனால் தண்ணீர் மணல்மேட்டைத் தாண்டித் தெருவுக்கு வருகிறது. கூடவே, உச்சம் வரும் நேரத்தை மாடல் கிட்டத்தட்ட அரை நாள் முந்தியே காட்டுகிறது.

கேள்விகள்: எல்லையில் மூன்று எண் கொடுத்தால் போதாதா? அலை உயரத்திலிருந்து கரையில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கணக்கிட எதைப் பயன்படுத்துவது? எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை என்று வைப்பது?

---

அலைநீளம்

உயரத்தை மட்டும் பார்ப்பதுதான் முதல் பிசகு. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை விநாடி என்பதைப் பாருங்க. ஆழ்கடலில் அலைநீளம் என்பது அலைக்காலத்தின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் வருவது. 7 விநாடி அலைக்கு நீளம் 76 மீட்டர். 18 விநாடி ஸ்வெல்லுக்கு (தொலைவிலிருந்து ஓடிவரும் நீண்ட அலை) 505 மீட்டர். தென் இந்தியப் பெருங்கடலில், 40, 50 டிகிரி தெற்கில் அடிக்கும் புயல்கள் அனுப்புவது இந்த இரண்டாம் வகை. அந்தக் காற்று நம்ம கரைக்கு வரவே வராது, அலை மட்டும் வரும். அதனால்தான் வெயில் காய்கிற, காற்றில்லாத நாளில் கடல் திருடனைப் போல ஏறுகிறது. மலையாளக் கரையில் கள்ளக்கடல் என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

அலையேற்றத்துக்கு (கரையில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்கு) ஸ்டாக்டன் குழுவின் 2006 சூத்திரம் மணல் கரைக்கு நல்ல தொடக்கம். அதில் உயரமும் அலைநீளமும் பெருக்கலாக வருகின்றன. முதலில் ஆழ்கடல் அலை உயரத்தை ஆழ்கடல் அலைநீளத்தால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுத்துக்கணும். அதைக் கரைச் சரிவாலும் 0.35 ஆலும் பெருக்கினால் கரையில் சராசரி நீர்மட்டம் உயரும் அளவு. அலை நாக்கு ஏறி இறங்கும் பகுதிக்கு: சரிவின் வர்க்கத்தை 0.563 ஆல் பெருக்கி, 0.004 கூட்டி, அதை உயரம் × நீளத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்துப் பாதியாக்கணும். இரண்டையும் கூட்டி 1.1 ஆல் பெருக்கினால், நூறில் இரண்டு அலை மட்டுமே தாண்டும் உயரம் கிடைக்கும்.

உங்க உயரங்களையே, மேலே சொன்ன 7, 18 விநாடிகளோடு போட்டுப் பார்ப்போம். சரிவு 1:10 என்று வைத்தால்,

2.5 மீட்டர், 7 விநாடி: அலையேற்றம் சுமார் 1.3 மீட்டர்.
1.5 மீட்டர், 18 விநாடி: சுமார் 2.5 மீட்டர்.

சின்ன அலைதான் இரட்டிப்பு உயரம் ஏறுது. இன்னொன்று: இதே 18 விநாடி அலைக்குச் சரிவை 1:20 ஆக மாற்றினால் 2.5 என்பது 1.6 ஆகக் குறையும். பருவக்காற்று மணலை அள்ளிக்கொண்டு போய்க் கரையைத் தட்டையாக்கிவிடும். சித்திரையில் மணல் சேர்ந்து செங்குத்தாக நிற்கும். ஆடியில் அளந்த சரிவைச் சித்திரைக்குப் போட்டால் கணக்கு ஒரு மீட்டர் வரை குறைத்துக் காட்டும்.

ஒரு எச்சரிக்கை. சூத்திரம் கேட்பது ஆழ்கடல் உயரம். 20 மீட்டர் ஆழத்தில் மாடல் தரும் 18 விநாடி அலையின் உயரம் அதைவிட 7 சதவீதம் போல அதிகமாக இருக்கும். அதைக் கழித்துவிட்டுப் போடுங்க. கரையையொட்டி, அலை உடையும் இடத்து உயரத்தை எடுத்துப் போடவே கூடாது.

---

நெய்தல்நிலவன்

மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் மாடலே அந்த 18 விநாடியைக் கரைக்குக் கொண்டுவருகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம். எல்லையில் கொடுக்கும் மூன்று எண்களில்தான் பெரிய இழப்பு.

கடலில் ஒரே நேரத்தில் இரண்டு அலைக்கூட்டம் இருப்பதாக வையுங்கள்: 18 விநாடி ஸ்வெல் 1.2 மீட்டர், உள்ளூர்க் காற்று எழுப்பிய 7 விநாடி அலை 0.9 மீட்டர். உயரங்களை நேராகக் கூட்டக்கூடாது. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். மொத்தம் 1.5 மீட்டர் வரும். உச்ச அலைக்காலம் என்பது ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அலைக்காலத்தில் எவ்வளவு ஆற்றல் என்ற பங்கீட்டில்) கூர்மையான முனை எங்கே என்பது மட்டும். அந்த வேளையில் முனை 7 விநாடியில் விழுந்துவிட்டால், ஸ்வான் 1.5 மீட்டரையும் 7 விநாடி அலையாகவே கட்டிக்கொள்ளும். அலையேற்றம் 1 மீட்டர் என்று வரும். உண்மையில் 1.2 மீட்டர் ஸ்வெல் மட்டுமே தனியாக 2.3 மீட்டர் ஏறும். நீங்கள் சொல்லும் தெருத் தண்ணீர் இந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

ஆகவே முழு இருபரிமாண ஸ்பெக்ட்ரத்தை (அதிர்வெண், திசை இரண்டின்படியும் பங்கிட்டது) எல்லைப் புள்ளிகளில் கொடுங்கள். அது கிடைக்காவிட்டால், உலக மாடல் ஸ்வெல்லையும் காற்றலையையும் பிரித்துத் தரும் தரவை எடுத்து, இரண்டுக்கும் தனித்தனி வடிவம் செய்து கூட்டுங்கள். ஸ்வெல்லுக்குத் திசைப் பரவல் 10 முதல் 15 டிகிரி போதும். மூன்று எண் முறையில் பரவலைச் சொல்லாமல் விட்டால் ஸ்வான் சுமார் 30 டிகிரி எடுத்துக்கொள்ளும். அது புயலுக்கு அடியில் இருக்கும் கலங்கிய கடலுக்குப் பொருந்துமே தவிர, 6,000 கிலோமீட்டர் ஓடிவந்து ஒழுங்குபட்ட ஸ்வெல்லுக்கு அல்ல.

அதிர்வெண் வரம்பின் கீழ் எல்லையையும் பாருங்கள். 0.05 ஹெர்ட்ஸில் தொடங்கினால் 20 விநாடிக்கு மேற்பட்ட அலை முழுக்க வெட்டுப்படும். முதலில் கரை தொடும் அலைகள் அவைதான். 0.03இல் தொடங்கி 1 ஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொன்றும் முந்தையதைப் போல 1.1 மடங்கு என்று வைத்தால் சுமார் 37 பகுதிகள் வரும். திசைக்கு 10 டிகிரி போதாது, 5 டிகிரி வையுங்கள், 72 பகுதி. கணக்கு நேரம் இரட்டிப்பாகும். ஆனால் ஸ்வெல்லுக்கு இது தவிர்க்க முடியாத செலவு.

அரை நாள் முந்துவதற்குக் காரணம் ஸ்டேஷனரி முறை. அதில் அலை எல்லையில் நுழைந்த கணமே கரையைத் தொட்டுவிடும். ஆழ்கடலில் அலைக்கூட்டம் நகரும் வேகம், அலைக்காலத்தை 0.78 ஆல் பெருக்கினால் வரும் மீட்டர்/விநாடி. 18 விநாடிக்கு மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். உங்கள் தெற்கு எல்லை 3 டிகிரியில், கரை 8 டிகிரியில்; இடையே 555 கிலோமீட்டர். அதாவது 11 மணி நேரம். நீங்கள் சொன்ன அரை நாள் இதுதான். வெளிக் கட்டத்தை நான்ஸ்டேஷனரியாக (அலை நேரத்தோடு நகரும்படி), 10 நிமிடப் படியில் ஓட்டுங்கள். உள்கட்டத்தை ஸ்டேஷனரியாகவே விடலாம், அதைக் கடக்க ஒரு மணி நேரம் போலத்தான் ஆகும். உலக மாடலின் நேரம் கிரீன்விச் நேரம் என்பதையும் மறக்க வேண்டாம். ஐந்தரை மணி நேரப் பிசகு இதே போல வேடம் போட்டு வரும்.

காற்றலையும் ஸ்வெல்லும் கலந்த கடலில் பழைய கோமென் நுரையுடைப்புச் சூத்திரம் (அலை நுரைத்து உடைந்து ஆற்றல் இழப்பதைக் கணக்கிடுவது) ஸ்வெல்லைத் தேவைக்கு மேல் தேய்த்துவிடும். அதற்குப் பதிலாக வெஸ்டைசன் அல்லது எஸ்டி6 சூத்திரத்தைத் தேர்வு செய்யுங்கள். அடித்தள உராய்வு 0.038 என்பதை மாற்ற வேண்டியதில்லை.

கடைசியாக மாலத்தீவு. கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால், 195 டிகிரித் திசையிலிருந்து வரும் ஸ்வெல் தீவுச் சங்கிலிக்குக் கிழக்கே தப்பி வந்துவிடும். 215 டிகிரியிலிருந்து வருவது சங்கிலிக்குள் நுழைந்துதான் வர வேண்டும். 25, 50 கிலோமீட்டர் கட்டமுள்ள உலக மாடலில் பவளத்தீவுகள் கண்ணுக்கே தெரியாது. தீவுகள் அலையில் எவ்வளவு பங்கை மறிக்கும் என்ற தடுப்பு விகிதம் தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால்தான் நிழல் விழும். திசை 10 டிகிரி மாறினால் கரையில் உயரம் ஏன் பாதியாகிறது என்ற கேள்விக்குப் பல நாள் இதுவே விடை.

---

கொண்டல்

மாடலை நம்புவதற்கு முன் கையாலேயே ஒரு சரிபார்ப்பு செய்யலாம். மிதவைத் தரவு இருந்தால் போதும்.

நீண்ட அலை வேகமாக ஓடும், குட்டை அலை பின்தங்கும். ஆகவே ஒரே புயலிலிருந்து கிளம்பியதில் 20 விநாடி அலை முதலில் வரும். பிறகு 18, 16, 14 என்று மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். ஸ்வெல்லின் அதிர்வெண்ணை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஏறுமுகமான நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் சாய்வு புயலின் தூரத்தைச் சொல்லும்: கிலோமீட்டர் = 2.81 × மணிக்கணக்கு ÷ அதிர்வெண் வித்தியாசம்.

எடுத்துக்காட்டு: 0.05 ஹெர்ட்ஸிலிருந்து (20 விநாடி) 0.07 ஹெர்ட்ஸுக்கு (14.3 விநாடி) வர 46 மணி நேரம் ஆனால், 2.81 × 46 ÷ 0.02 = ஏறத்தாழ 6,460 கிலோமீட்டர். குமரியிலிருந்து நேர் தெற்கே அது 50 டிகிரித் தெற்கு. 20 விநாடி அலை அந்தத் தூரத்தைக் கடக்க 115 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட ஐந்து நாள். ஐந்து நாளுக்கு முந்தைய வானிலை வரைபடத்தில் அந்த இடத்தில் புயல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாடலின் எல்லைத் தரவு நம்பத்தக்கது. இதே வழியில்தான் 1963இல் வால்டர் மங்க் குழுவினர் தென்கடல் புயலின் அலையைப் பசிபிக் முழுக்க, அலாஸ்கா வரை பின்தொடர்ந்தார்கள்.

இதில் முன்னறிவிப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. புயல் கரையைக் கடக்குமா என்பது போல ஊகிக்க வேண்டிய நிலை இங்கே இல்லை. நான்கு நாளுக்குப் பிறகு வரப்போகும் ஸ்வெல்லை எழுப்பிய காற்று ஏற்கனவே அடித்து ஓய்ந்துவிட்டது. ஜேசன்-3, சென்டினல்-3 போன்ற செயற்கைக்கோள்கள் அந்த அலையின் உயரத்தை அளந்தும் இருக்கலாம். நேரக் கணிப்பு பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் நிற்கும். உயரம்தான் பிசகும்: முழுதாக வளர்ந்த கடலில் உயரம் காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், காற்றில் 10 சதவீதப் பிழை அலையில் 20 சதவீதமாகும்.

---

குளச்சல்_கரை

நன்றி நண்பர்களே. வெளிக் கட்டத்தை நான்ஸ்டேஷனரியாக மாற்றியதும் நேரம் சரியாகிவிட்டது. ஆனால் இருபரிமாண ஸ்பெக்ட்ரம் கொடுத்ததும் கரையில் அலை 0.2 மீட்டராக விழுந்துவிட்டது. எல்லைக் கோப்பைப் படித்ததாகத்தான் மாடல் சொல்கிறது, பிழை எதுவும் காட்டவில்லை.

---

நெய்தல்நிலவன்

திசை 180 டிகிரி புரண்டிருக்கிறது. வேவ்வாட்ச் என்ற உலக அலை மாடலின் ஸ்பெக்ட்ரக் கோப்பு அலை *போகும்* திசையை ரேடியனில் தரும். கடலோடிகள் வழக்கம் *வரும்* திசை. உங்கள் ஸ்வெல் எல்லையிலேயே வெளியே போய்க்கொண்டிருக்கிறது, அதனால்தான் பிழையும் வரவில்லை. மாற்றும் நிரலில் 180 கூட்டி, 360ஐத் தாண்டினால் கழியுங்கள். ஸ்வானில் நாட்டிகல் திசை (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும் கடலோடிகள் வழக்கம்) என்று நீங்களாகச் சொல்லாவிட்டால் அது கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணும், அதையும் பாருங்கள். ஒரு எல்லைப் புள்ளியின் ஸ்பெக்ட்ரத்தை வட்ட வரைபடமாகப் போட்டுக் கண்ணால் பார்க்காமல் ஓட்டத்தைத் தொடங்கவே வேண்டாம்.

ஆழத்தின் குறியும் இதே வகை: ஜெப்கோவில் கடல் எதிர்மறை எண், ஸ்வானில் நேர்மறை.

---

மணல்மேடு

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. எச்சரிக்கை அளவை அலை உயரத்தில் வைக்காதீர்கள். கரையில் தண்ணீர் தொடும் மட்டத்தில் வையுங்கள்: ஓதம் + அலையேற்றம். அதை ஒவ்வொரு ஊரின் மணல்மேட்டு முகட்டோடு ஒப்பிட வேண்டும். அலை நாக்கு மணல்மேட்டின் அடியைத் தொடுவது ஒரு நிலை, முகட்டைத் தாண்டி வழிவது அடுத்த நிலை, தண்ணீர் வடியாமல் முகடே மூழ்கி நிற்பது கடைசி. இரண்டாவது நிலையிலேயே தெருவுக்குத் தண்ணீர் வந்துவிடும். கணிப்பு முகட்டுக்கு அரை மீட்டர் கீழே வந்தாலே எச்சரிக்கை கொடுங்கள். ஸ்டாக்டன் கணக்கில் அந்த அளவு பிசகு சாதாரணம்.

இதற்கு வேண்டியது கரையின் குறுக்குவெட்டு அளவு. ஜெப்கோவை நிலத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். செயற்கைக்கோள் நில உயரத் தரவிலும் சில மீட்டர் பிழை இருக்கும், நமக்கு வேண்டியதோ பத்து சென்டிமீட்டர். ஆர்டிகே ஜிபிஎஸ் (சென்டிமீட்டர் துல்லியத்தில் அளப்பது) இல்லாவிட்டால், சர்வே பெஞ்ச்மார்க் (உயரம் குறித்து வைத்த கல்) ஒன்றிலிருந்து டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து, தெருவிலிருந்து வற்றத்தில் இடுப்பளவு தண்ணீர் வரை இறக்குங்கள். ஊருக்கு இரண்டு மூன்று கோடு போதும். பங்குனிக் கடைசியில் ஒருமுறை கட்டாயம், ஏனென்றால் கள்ளக்கடல் காலத்துச் சரிவு அதுதான்.

கடற்படை வரைபடத்தின் ஆழம் மிகத் தாழ்ந்த வற்றத்தைப் பூச்சியமாகக் கொண்டது, நில அளவையின் பூச்சியம் சராசரிக் கடல்மட்டம். இரண்டையும் ஒட்டும்போது இந்த வித்தியாசத்தைக் கழிக்காவிட்டால் எச்சரிக்கை அளவே தவறிவிடும். நம் கரையில் ஓத வீச்சு ஒரு மீட்டருக்குள்தான், அதனால் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். ஆனால் மேட்டுக்கும் நீர்மட்டத்துக்கும் இடைவெளியே அரை மீட்டராக இருக்கும்போது, அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தோடு ஸ்வெல் சேர்கிறதா இல்லையா என்பதுதான் தெரு நனைவதைத் தீர்மானிக்கிறது. ஒரே ஸ்வெல் இரண்டு நாள் நீடித்தாலும் தண்ணீர் ஏறுவது ஏற்ற வேளைகளில்தான். எச்சரிக்கையில் அந்த மணிகளைத் தனியாக எழுதுங்கள்.

கருங்கல் கடல்சுவர் நிற்கும் இடத்துக்கும், தூண்டில் வளைவுக்கு (கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பு) பக்கத்திலும் ஸ்டாக்டன் பொருந்தாது. அது இயற்கை மணல் கரைகளில் அளந்து செய்தது. சுவருக்கு யூரோடாப் கையேட்டின் வழிதல் சூத்திரங்கள். முக்கியமான ஊர்களுக்கு எக்ஸ்பீச் (கரையில் அலை ஏறி வழிவதைக் கணக்கிடும் மாடல்) ஒருபரிமாணக் குறுக்குவெட்டு ஓட்டுங்கள், சர்ஃப்பீட் முறையில் (அலைக்கூட்டங்களைத் தொடரும் முறை). ஸ்வெல் கூட்டம் கூட்டமாக வரும்போது, 25 விநாடி முதல் சில நிமிடம் வரை நீளும் மெதுவான நீரேற்றம் ஒன்று கூடவே எழுகிறது. முழங்கால் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளுவது இந்த ஏற்றம். ஸ்வான் சராசரி ஆற்றலை மட்டும் கணக்கிடுவதால் இது அதில் வராது. எக்ஸ்பீச்சில் கரையருகே கட்டம் 1 முதல் 2 மீட்டர். கடல் எல்லையை வழக்கம்போல 20 மீட்டர் ஆழத்தில் வைத்தால் 18 விநாடி அலைக்குப் போதாது: அங்கே அது ஏற்கனவே ஆழமற்ற கடல் அலையாக நடந்துகொள்ளும், எல்லையில் உருவாக்கும் மெதுவேற்றம் மிகையாக வரும். 25 மீட்டர் குறைந்தபட்சம், 50 இருந்தால் நல்லது. அலைகளின் வரிசை தற்செயலானது என்பதால் ஒரே நிலைக்குக் குறைந்தது ஐந்து ஓட்டம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். சராசரியையும் அதிகபட்சத்தையும் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையின் வாசகமும் கணக்கைப் போலவே முக்கியம். ஸ்வெல் தொடர்ந்து அடிக்காது. பெரிய அலைகள் ஒரு கூட்டமாக வரும், பிறகு பல நிமிடம் கடல் அடங்கியது போல இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. "1.5 மீட்டர் அலை" என்ற வரி யாரையும் தடுக்காது. "காற்று இருக்காது, கடல் அமைதியாகத் தெரியும், இந்த மணியிலிருந்து இந்த மணி வரை கரையில் நிற்காதீர்கள், வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றுங்கள், துறைமுகத்தில் படகுகளை இடைவெளி விட்டுக் கட்டுங்கள்" என்று எழுதுங்கள். ஸ்வெல் எழுச்சிக்கு 2020 முதல் இன்கோயிஸ் (இந்திய அரசின் கடல் தகவல் சேவை மையம்) முன்னறிவிப்பு தருகிறது. அதில் எச்சரிக்கை இருந்து உங்கள் மாடலில் இல்லையென்றால் அவர்களுடையதையே ஊருக்குச் சொல்லுங்கள். வித்தியாசத்தைப் பிறகு ஆராயலாம்.

---

குளச்சல்_கரை

180 டிகிரி மாற்றியதும் மொத்த உயரம் மிதவையோடு ஒத்துவருகிறது. இது போதுமா, இன்னும் எதையாவது ஒப்பிட வேண்டுமா?

---

அலைநீளம்

மொத்த உயரம் ஒத்துவந்தால் போதாதுங்க. நெய்தல்நிலவன் சொன்ன கணக்கையே பாருங்க: 1.2ம் 0.9ம் சேர்ந்து 1.5. மாடல் அதையே தலைகீழாக, ஸ்வெல் 0.9, காற்றலை 1.2 என்று வைத்தாலும் மொத்தம் 1.5 தான் வரும்.

ஸ்பெக்ட்ரத்தில் 0.03 முதல் 0.08 ஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பை மட்டும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து 4 ஆல் பெருக்குங்க. அது ஸ்வெல்லின் தனி உயரம். மிதவைக்கும் மாடலுக்கும் இதே கணக்கைச் செய்து, பங்குனி முதல் வைகாசி வரை மூன்று மாதத்துக்கு ஒப்பிடுங்க. ஆனி, ஆடியைச் சேர்த்தால் அந்தப் பெரிய காற்றலைகள் பிழையை மூடிவிடும். மாடலின் ஸ்வெல் உயரம் எல்லா நாளும் மிதவையைவிட ஒரே விகிதத்தில் குறைந்தால் எல்லைத் தரவில் தேடுங்க. 205 டிகிரிக்கு மேல் வரும் நாளில் மட்டும் அதிகமாகக் காட்டினால் மாலத்தீவு நிழல் விழவில்லை என்று அர்த்தம்.